ஒரே மாடல், இரண்டு பிஸ்டல்: ரேஞ்சில் ஒரு கை, வெர்னியரில் ஒரு கை

புதிதாக வாங்கிய பிஸ்டலைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு பிஸ்டலைச் சுட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள். அது நன்றாகச் சுட்டால் அந்த மாடலே அருமை, இரண்டு தடவை மாட்டிக்கொண்டால் அந்த மாடலே குப்பை. எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும் எந்தச் சாமானிலும் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் குறைந்தது இரண்டாவது வேண்டும். இந்த முறை அப்படி ஒரு வாய்ப்பு அமைந்தது. நானும் நண்பர் ஒருவரும் ஒரே கடையில், அருகருகே கிடந்த இரண்டு பெட்டிகளை வாங்கினோம். 9 மி.மீ., நடுத்தர அளவு, சுத்தியல் இல்லாமல் ஸ்பிரிங் ஊசியால் வெடிக்கும் ஸ்ட்ரைக்கர் வகை, பாலிமர் (பிளாஸ்டிக்) பிடி, சந்தைக்கு வந்து அதிக நாள் ஆகாத மாடல்.

கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. இரண்டே இரண்டை வைத்து ஒரு கம்பெனியை எடை போடுவது நியாயமில்லை. தவிர, இங்கே சொல்லப்போகும் விஷயங்கள் எந்தக் கம்பெனி பாலிமர் பிஸ்டலுக்கும் பொருந்தும்.

இருப்பது டெக்சஸில், டல்லஸ் பக்கம். இங்கே இருக்கும் நம்மவர்களுக்காக ஒரு விஷயம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் கூடத்தில், வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதே சட்டத்துக்குள்தான் வரும், இது பலருக்குத் தெரிவதில்லை. கிரீன் கார்டு வந்தபின் தடையில்லை. கடையில் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து கையில் கொடுப்பார்கள். நாங்கள் இருவரும் கிரீன் கார்டு வந்த பிறகுதான் இந்தப் பக்கம் வந்தோம். ஊரில் இருப்பவர்கள் இந்தத் தோட்டாவைச் சாதாரண உரிமம் எடுத்தும் வாங்க முடியாது. இந்தியாவில் 9 மி.மீ. தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட குழல் அளவு (bore).

நான் அமெரிக்கா வருவதற்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மோல்டு கடையில், அதாவது அச்சில் பிளாஸ்டிக் வார்க்கும் இடத்தில், வேலை பார்த்தவன். அதனால் ஒரு பிளாஸ்டிக் சாமான் கைக்கு வந்தால் முதலில் அதன் பார்ட்டிங் லைன் (அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு) எங்கே, கேட் (பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த வாய்) எங்கே என்றுதான் கண் போகும். இந்தப் பதிவும் அப்படித்தான் போகும்.

பிடியைப் பிளாஸ்டிக்கில் வார்ப்பது புது யோசனை இல்லை. ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் 1970-லேயே வி.பி.70 என்ற பாலிமர் பிஸ்டலைக் கொண்டுவந்தது. அது பெரிதாக எடுபடவில்லை. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் கிளாக் 17-ஐ ஏற்றுக்கொண்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. காஸ்டன் கிளாக் அதற்கு முன் துப்பாக்கியே செய்ததில்லை. ராணுவத்துக்குக் கத்தி போன்ற சாமான்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். பிளாஸ்டிக்கும் உலோகமும் சேர்ந்த சாமான்களில் பழகியவர் என்பதால்தான் அவருக்கு அந்தத் துணிச்சல் வந்தது என்று நான் நம்புகிறேன். அடுத்த பெரிய மாற்றம், டிரிகர் சாமான்கள் எல்லாவற்றையும் ஒரு ஸ்டீல் சட்டத்துக்குள் அடக்கி, பாலிமர் பிடியை வெறும் கூடாக ஆக்கியது. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த சிக் சாவர் பி320 அந்த வகை. எங்களுடையதும் அதே வகைதான். சீரியல் எண் ஸ்டீல் சட்டத்தில் இருக்கிறது, சட்டப்படி அதுதான் துப்பாக்கி. கூட்டை இருவரும் மாற்றிப் போட்டுக்கொள்ளத் தடையில்லை. இந்தப் பதிவுக்கே அடிப்படை அந்த வசதிதான்.

சுடப் போவதற்கு முன் இரண்டையும் மேசையில் பிரித்துப் போட்டோம். தோட்டா எதுவும் அந்த அறைக்குள் இல்லை. மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) கழற்றி, ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்டீல் பாகம்) இழுத்து நிறுத்தி, சேம்பரை (தோட்டா உட்காரும் இடம்) கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் விட்டும் பார்த்தாயிற்று. பேரலுக்குள் கம்பெனி பூசிய எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்தோம். அந்த எண்ணெயோடு சுடக் கூடாது, அது துரு பிடிக்காமல் இருக்கப் பூசுவது.

முதலில் ஸ்லைடு. ஸ்டீலை மெஷினில் கடைந்து, மேலே கறுப்பு நைட்ரைடு ஏற்றியிருக்கிறார்கள். வெளியே இரண்டும் ஒரே மாதிரி. உள்ளே திருப்பி டார்ச் அடித்தால் என்னுடையதில் கட்டர் ஓடிய வரிகள் மெல்லியவை, நெருக்கமானவை. நண்பருடையதில் அதே இடத்தில் அலை அலையாகச் சாட்டர் தழும்பு, கட்டர் அதிர்ந்ததால் வருவது. ஒன்று புதுக் கட்டர், இன்னொன்று ஆயுள் முடியப்போகும் கட்டர், அவ்வளவுதான். உராயும் தண்டவாளப் பகுதி இரண்டிலும் சுத்தமாக இருந்தது. மற்ற இடத்தில் இருக்கும் தழும்பைப் பார்த்து முகம் சுளிக்க எதுவும் இல்லை. விலை குறைவான பிஸ்டலில் கண்ணுக்குத் தெரியாத இடத்தை மெருகு போட்டுக் கொடுத்தால், அந்தக் காசை வேறு எங்கோ மிச்சம் பிடித்திருப்பார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கூட்டில்தான் விஷயம் இருந்தது. உள்பக்கம், மேகசின் வரும் வழிக்கு முன்னால் ஒரு சின்ன வட்டம் வார்ப்பிலேயே பதிந்திருக்கிறது. சுற்றி 1 முதல் 12 வரை எண்கள், நடுவே ஒரு அம்பு, அம்பின் இரு பக்கமும் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம். மோல்டுக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. வார்த்த மாதத்தைக் காட்டும் முத்திரை அது. மோல்டில் ஒரு திருகாணி மாதிரி இருக்கும், மாதம் மாறினால் திருப்பி வைப்பார்கள். பக்கத்திலேயே கேவிட்டி எண், அதாவது மோல்டின் எந்தக் குழியில் வார்த்தது என்பது. என்னுடையது 1-ஆம் கேவிட்டி. நண்பருடையது 2-ஆம் கேவிட்டி, மூன்று மாதம் பிந்தியது. ஒரே பெயர், ஒரே விலை, அடுத்தடுத்த பெட்டி. ஆனால் இரண்டு கூடும் ஒரே குழியில் பிறந்தவை அல்ல. இட்லித் தட்டில் ஒரே மாவைத்தான் ஊற்றுகிறோம், ஆனாலும் நடுக்குழி இட்லியும் ஓரக்குழி இட்லியும் ஒன்றாகவா இருக்கின்றன?

நண்பருடைய கூட்டில் மேகசின் குழியின் உள்ளே, பார்ட்டிங் லைன் ஓடும் இடத்தில், மெல்லிய தோல் போல ஒரு பிளாஷ். நகத்தால் தட்டினால் வளைகிறது. மோல்டின் இரண்டு பாதியும் சேரும் விளிம்பு தேய்ந்தாலோ, மெஷின் இறுக்கும் விசை போதாமல் போனாலோ இப்படிப் பிதுங்கும். என்னுடையதில் கோடு மட்டும் தெரிகிறது, தோல் இல்லை. பிளேடை எடுத்து அதைச் சீவிவிட நண்பருக்குக் கை துறுதுறுத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுடாத பிஸ்டலில் பிளேடை வைத்தால், நாளைக்கு கம்பெனிக்கு எழுதும்போது எது அவர்கள் செய்தது, எது நாம் செய்தது என்ற பேச்சு வரும்.

அப்புறம் ரேஞ்ச். கூரை போட்ட உள்ளரங்கம், 25 கெஜம் வரை டார்கெட் போகும். நாங்கள் 15 கெஜத்தில் வைத்தோம், அதாவது 13.7 மீட்டர். மணல் பையில் கையைத் தாங்கி, ஐந்து ஐந்தாகச் சுட்டோம். தோட்டா இரண்டு வகை: 115 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) சாதாரணப் பயிற்சித் தோட்டா, 124 கிரெய்ன் நேட்டோ வகை. நேட்டோ வகை கொஞ்சம் காரமானது.

முதல் எண்ணம்? பிடி கைக்கு நன்றாக உட்கார்ந்தது. சொரசொரப்பு வியர்வையிலும் வழுக்கவில்லை. 9 மி.மீ.க்கு எதிர்பார்க்கும் உதைதான், அதற்கு மேல் ஒன்றுமில்லை. டிரிகர் வழியில் முதலில் கொஞ்சம் வெற்று ஓட்டம், பிறகு தெளிவான ஒரு சுவர், பிறகு விடுபடுகிறது. பழகிவிட்டால் சுகமான டிரிகர்.

என்னுடையது குறிவைத்த இடத்திலேயே போட்டது. குரூப், அதாவது ஓட்டைகள் விழுந்த பரப்பு, ஐந்தாறு செ.மீ.க்குள். நண்பருடைய ரவுண்டுகள் ஐந்து செ.மீ.க்கு மேல் இடதுபக்கம் போய், கொஞ்சம் தாழவும் விழுந்தன. அடுத்த பேப்பரிலும் அதே இடம். பக்கத்துப் பாதையில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "டிரிகரை வெடுக்கென்று இழுக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். வலது கைக்காரர் இடதுபக்கம் தாழச் சுட்டால் எல்லாரும் சொல்லும் வார்த்தை அது. நண்பர் என்னைப் பார்த்தார். "அண்ணே, என் கை கோணலா, இல்ல துப்பாக்கி கோணலா? ஒண்ணச் சொல்லுங்க."

ஒன்றைச் சொல்ல முடியாது, மாற்றிப் பார்க்கத்தான் வேண்டும். மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, சேம்பர் காலி என்று பார்த்து, முனை டார்கெட் பக்கம் இருக்க இரண்டையும் மேசையில் வைத்து இடம் மாறினோம். அவருடையதை நான் சுட்டேன்: இரண்டரை மூன்று செ.மீ. இடது, ஆனால் தாழவில்லை. என்னுடையதை அவர் சுட்டார்: அவருக்கும் ஏறக்குறைய அதே இரண்டரை செ.மீ. இடது, கொஞ்சம் தாழ. ஆகப் பாதி பிஸ்டல், பாதி கை. இரண்டும் ஒரே பக்கம் இழுத்ததால் கூட்டாக ஐந்து செ.மீ.யாகத் தெரிந்திருக்கிறது. மாற்றிப் பார்க்காமல் இருந்திருந்தால் அவர் தன் கையை மட்டுமே குறை சொல்லிக்கொண்டு பெட்டி பெட்டியாகத் தோட்டாவைக் காலி செய்திருப்பார்.

பிஸ்டலின் பாதி எங்கிருந்து வந்தது என்று வீட்டில் வெர்னியர் அளவுகோலை வைத்ததும் தெரிந்தது. பின் சைட் (குறிபார்க்கும் பின்பக்கத் துண்டு) ஸ்லைடில் ஒரு டவ்டெயில் பள்ளத்தில் இறுக்கி அடிக்கப்பட்டிருக்கும். ஸ்லைடின் இடது ஓரத்திலிருந்து சைட் வரை 1.9 மி.மீ., வலது ஓரத்திலிருந்து 2.5 மி.மீ. வித்தியாசம் 0.6, அதில் பாதி, அதாவது 0.3 மி.மீ., சைட் இடதுபக்கம் விலகி உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 155 மி.மீ. 0.3-ஐ 155-ஆல் வகுத்து, 13,700 மி.மீ. தூரத்தால் பெருக்கினால் 26.5 மி.மீ. டார்கெட்டில் நான் பார்த்த இரண்டரை செ.மீ. அப்படியே கணக்கில் வந்து நின்றது. என்னுடையதில் இரண்டு பக்கமும் ஒரு நூலிழைதான் வித்தியாசம். சைட்டை மெஷினில் வைத்துத் தள்ளுபவர் அன்றைக்கு எங்கே நிறுத்தினாரோ, அதுதான் நமக்கு வரும் பிஸ்டல்.

இதைச் சரிசெய்வது சுலபம். ரவுண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ பின் சைட்டை அந்தப் பக்கம் தள்ள வேண்டும். சுத்தியலும் பித்தளைத் தட்டுக்கம்பியும் வைத்தும் செய்யலாம், ஆனால் 0.3 மி.மீ.யைச் சுத்தியலால் நகர்த்துவது எனக்குப் பிடிக்கவில்லை. ரேஞ்சிலேயே இருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் சைட் தள்ளும் திருகுச் சாதனம் இருந்தது. ஸ்லைடை மட்டும் கொடுத்தோம், கொஞ்ச நேரத்தில் முடிந்தது.

மேகசின்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு மேகசின், ஆக நான்கு. நான்கிலும் அடியில் பெயின்ட் பேனாவால் 1, 2, 3, 4 என்று எண் போட்டேன். இதை எல்லாரும் செய்ய வேண்டும்; எண் போடாத மேகசினில் கோளாறு வந்தால் எதில் வந்தது என்று அடுத்த வாரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. என்னுடைய பிஸ்டலில் நான்கும் பட்டனை அமுக்கியதும் தானே கீழே விழுந்தன. நண்பருடையதில் மூன்று விழுந்தன. 3-ஆம் எண் மட்டும் பாதி வழியில் நின்றுகொண்டு, பிடித்து இழுத்தால்தான் வந்தது.

மேகசின் கோளாறு என்றால் என் பிஸ்டலில் ஏன் விழுகிறது? பிஸ்டல் கோளாறு என்றால் மற்ற மூன்றும் ஏன் விழுகின்றன? இங்கேதான் கூட்டை மாற்றும் வசதி கைகொடுத்தது. இரண்டு ஸ்டீல் சட்டத்தையும் வெளியே எடுத்து, கூட்டை இடம் மாற்றிப் போட்டோம். என் ஸ்லைடு, என் சட்டம், அவர் கூடு: 3-ஆம் எண் மாட்டியது. அவர் ஸ்லைடு, அவர் சட்டம், என் கூடு: வழுக்கிக்கொண்டு விழுந்தது. கோளாறு கூட்டோடு நகர்ந்து வந்துவிட்டது.

அளந்து பார்த்தேன். 3-ஆம் எண் மேகசினின் உடல், மற்றவற்றை விட நடுப்பகுதியில் 0.15 மி.மீ. அகலம். அவர் கூட்டின் மேகசின் குழி, வாயிலும் அடியிலும் என்னுடையது போலவே. நடு உயரத்தில் மட்டும் 0.2 மி.மீ. குறுகல். பெட்டி போன்ற எந்த வார்ப்பிலும் இது நடக்கும். உள்ளே இருக்கும் கோர் (குழியை உருவாக்கும் மோல்டின் உள்பகுதி) வெளிப்பக்கத்தைவிடச் சூடாக இருக்கும், மூலைகள் கடைசியில் ஆறும், ஆறும்போது சுவர்கள் உள்பக்கமாக வயிறு ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி இழை கலந்த நைலானில் இன்னொரு சிக்கல்: இழை ஓடும் திசையில் சுருக்கம் குறைவு, குறுக்கே அதிகம். மோல்டை விட்டு எடுக்கும் நேரத்தில் சில நொடி குறைத்தால்கூட இந்த வளைவு கூடும். உற்பத்தி வேகம் ஏறும் மாதங்களில் முதலில் கை வைக்கப்படுவது அந்த நொடிகளில்தான். நான் வேலை பார்த்த கடையில் இதற்காகவே வார்ப்பை எடுத்ததும் மரக்கட்டையில் சொருகி ஆறவைப்போம்.

மேகசினைத் தனியாக அளந்தால் சோதனையில் தேறிவிடும். கூட்டையும் தனியாக அளந்தால் அநேகமாகத் தேறிவிடும். அகலமான மேகசினும் குறுகலான கூடும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்ததுதான் பிரச்சினை. ஒரே பிஸ்டலோடு நின்றிருந்தால் நான் மேகசினைக் குறை சொல்லியிருப்பேன். என் பெட்டியில் அந்த மேகசின் வந்திருந்தால் அப்படி ஒரு குறை இருப்பதே தெரிந்திருக்காது.

டிரிகர் இழுவையை டிஜிட்டல் காட்டியில் பல முறை இழுத்துச் சராசரி பார்த்தேன். என்னுடையது 2.5 கிலோ, அவருடையது 3 கிலோ. உள்ளே இருக்கும் சீயர் (டிரிகர் இழுக்கும் வரை ஸ்ட்ரைக்கரைப் பிடித்து வைப்பது) போன்ற சின்ன உறுப்புகள் உலோகப் பொடியைப் பசையோடு வார்த்து உலையில் சுட்டு எடுப்பவை. உலையில் அவை 15 முதல் 20 சதவீதம் வரை சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் இம்மி பிசகினாலும் விளிம்புகள் சந்திக்கும் கோணம் மாறும், விரலுக்குத் தெரியும். டம்மி ரவுண்டு (வெடிக்காத போலித் தோட்டா) போட்டு வெற்று டிரிகர் இழுத்துப் பழகியதில் அவருடையது 2.8-க்கு வந்தது. இன்னும் கொஞ்சம் குறையலாம். சீயரைத் தேய்த்து மெருகு போடுகிறேன், ஸ்பிரிங்கை மாற்றுகிறேன் என்று சிலர் இறங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கீழே விழுந்தால் வெடிக்காமல் காப்பது அந்த விளிம்புகளும் அந்த ஸ்பிரிங்குகளும்தான். அரைக் கிலோ இழுவையைக் குறைக்க அதில் கை வைப்பது எந்த விதத்திலும் சரியில்லை.

தடங்கல்களையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் 115 கிரெய்ன் தோட்டாவில், நண்பர் சுடும்போது, சுட்ட தோட்டாவின் வெற்று ஓடு ஸ்லைடு வாயில் நிமிர்ந்து நின்றது. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. அதே பிஸ்டல், அதே தோட்டா, நான் சுட்டபோது வரவில்லை. 124 கிரெய்னில் இருவருக்கும் வரவில்லை. ஸ்லைடை முன்னுக்குத் தள்ளும் புது ரீகாயில் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும்போது மென்மையான தோட்டாவும் தளர்ந்த மணிக்கட்டும் சேர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது. கொஞ்சம் பெட்டிகள் ஓடியபின் அது தானே நின்றுவிட்டது. கடைசி ரவுண்டு முடிந்தும் ஸ்லைடு பின்னால் நிற்கவில்லை என்ற அவர் புகாரும் பிஸ்டலுடையது அல்ல. ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப் மேல் அவர் கட்டைவிரல் உட்கார்ந்திருந்தது. என் பிஸ்டலிலும் அவருக்கு அதேதான் நடந்தது.

கம்பெனிக்கு எழுதினோம். வெறுமனே மேகசின் மாட்டுகிறது என்று எழுதாமல், கேவிட்டி எண், மாத முத்திரை, பிளாஷ் மூன்றின் படங்களும், குழியின் மூன்று உயரத்தில் எடுத்த அளவுகளும் வைத்து அனுப்பினோம். மறு கேள்வி இல்லாமல் புதுக் கூடு வந்தது. கூடு மட்டும் என்பதால் நேராக வீட்டுக்கே தபாலில் வந்துவிட்டது. பிரித்ததும் நான் முதலில் தேடியது முத்திரையைத்தான். மறுபடியும் 2-ஆம் கேவிட்டி, ஆனால் பழையதற்கு இரண்டு மாதம் பிந்தியது. பார்ட்டிங் லைனில் தோல் இல்லை, கோடு மட்டும். நடு உயரத்தில் அகலம் என்னுடைய கூட்டுக்குச் சமம். இடையில் மோல்டை இறக்கி விளிம்பைச் சரிசெய்து, ஆறும் நேரத்தையும் கூட்டியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்த வேலையைப் பார்த்த, மோல்டைப் பராமரிக்கும் டூல் ரூம் ஆட்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. யாரும் பாராட்டாத வேலை அது.

புதுக் கூட்டில் 3-ஆம் எண்ணும் தானே விழுகிறது. சைட்டைத் தள்ளியபின் அவருடைய பிஸ்டலை நான் சுட்டால் நடுவிலேயே போடுகிறது. அவர் சுட்டால் இன்னும் அந்த இரண்டரை செ.மீ. இடது இருக்கிறது. இப்போது நான் அவர் மேகசினில் டம்மி ரவுண்டுகளை இடையிடையே கலந்து போட்டுக் கொடுக்கிறேன். எது வெடிக்கும் எது வெடிக்காது என்று அவருக்குத் தெரியாது. டம்மி வரும்போது முனை தாழ்வது அவர் கண்ணுக்கே தெரிகிறது, பார்த்துப் பார்த்துக் குறைத்துக்கொண்டு வருகிறார். கடைசியாகச் சுட்ட பேப்பரில் அவர் குரூப்பின் வலது ஓரம் நடு வட்டத்தைத் தொட்டிருந்தது.